தவிடு, புண்ணாக்கு, திப்பி: ஆலை மிச்சத்தில் கோழித் தீவனம் கலந்த அனுபவம்

சேலம் மாவட்டம் ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவருக்கு மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அரிசி மில்லில் தவிடும் குருணையும், செக்கில் கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிச் சக்கையான திப்பியும் கிடைக்கின்றன. மக்காச்சோளம் எங்கள் பக்கமே விளைகிறது. நாமக்கல் பண்ணைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் இதே மாதிரிச் சரக்குதான். அப்படி இருந்தும் சின்ன அளவில் கோழி வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் கடை மூட்டையையே நம்பி இருக்கிறோம். மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் மூட்டை விலையும் ஏறுகிறது. முட்டைக்கு விலை கூட்டிக் கேட்டால்தான் வாங்குகிறவர் முகம் மாறுகிறது.

என்னிடம் இருப்பவை எண்பது முட்டைக் கோழிகள். நாட்டுக்கோழி பாதி, கலப்பினம் பாதி. பகலில் தென்னந்தோப்பில் மேயும். காலையும் மாலையும் தீவனம். இந்த எண்பதுக்கும் தீவனத்தை நானே கலப்பது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு சரக்காகத் தேடிப் போய் வாங்கி, சோதித்து, கலந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலைக் கழிவு என்றதும் சும்மா கிடைப்பதை அள்ளிப் போடுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரிசியை எடுத்துக்கொண்டு மில் விடுவது தவிடு. எண்ணெயை எடுத்துக்கொண்டு செக்கு விடுவது புண்ணாக்கு. மாவை எடுத்துக்கொண்டு சேகோ ஆலை விடுவது திப்பி. இதில் எது போய்விட்டது, எது மிச்சம் இருக்கிறது, கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கலப்பது அப்புறம்.

முதலில் தவிடு. கலவையில் ஐந்தில் ஒரு பங்கு இதுதான். நெல்லை எப்படி அரைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தவிடு அடியோடு மாறிவிடும். பழைய ஹல்லர் மெஷினில் உமி நீக்குவதும் அரிசி தீட்டுவதும் ஒரே உருளைக்குள் நடப்பதால், உமி நொறுங்கித் தவிட்டோடு கலந்தே வெளியே வரும். ரப்பர் ரோலர் வைத்த மில்லில் உமி முதலிலேயே தனியாகப் போய்விடும். அதற்குப் பிறகு பழுப்பரிசியைத் தீட்டும்போது உதிர்வதுதான் தவிடு. நூறு கிலோ நெல்லில் உமி இருபது கிலோவை ஒட்டி இருக்கும், தவிடு எட்டுக் கிலோ தேறினால் அதிகம். அந்த இருபதில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாலே தவிட்டு மூட்டை எப்படி எடை கூடும் என்று யோசித்துப் பாருங்கள். உமியில் இருப்பது நாரும் சிலிக்காவும்தான். மாடு அசை போட்டு ஓரளவு சமாளித்துக்கொள்ளும், கோழியால் முடியாது.

நான் போன மில்லில் மூட்டை தூக்குகிற அண்ணனுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

"கோழிக்கா, மாட்டுக்கா தம்பி?"

"கோழிக்குண்ணே."

"அப்ப அந்த மூலையில இருக்கறதத் தொடாதீங்க. அது ஹல்லர்ல வந்தது, பாதி உமி. இந்தப் பக்கம் இருக்கறத ஒரு கை அள்ளிப் பாருங்க."

அள்ளிப் பார்த்தேன். நல்ல தவிட்டைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் உருண்டையாக நிற்கும்; விரல் ரேகை அதில் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் பிடித்து வைக்கிறது. உமி கலந்த தவிடு அப்படி நிற்காது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உள்ளங்கையில் தேய்த்தால் குத்தும். அடுத்ததாக ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி விட்டுவிட வேண்டும். உமி மேலே மிதக்கும், மணல் இருந்தால் அடியில் போய் உட்காரும். எடை கூட்டச் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால், கழிவறை கழுவும் ஆசிட்டில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புதான். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சோதித்த தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

கைச் சோதனையோடு நிறுத்தாமல், இரண்டு தவிட்டையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கும் கொண்டு போனேன். கட்டணம் கட்டினால் புரதம், நார், மணல்-சிலிக்கா, பூஞ்சை நஞ்சு என்று கேட்டதைப் பார்த்துத் தருவார்கள். மாதிரி எடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். மூட்டை வாயில் இருப்பதை ஒரு கை அள்ளிக் கொடுத்தால் அது அந்த ஒரு கைக்குத்தான் சான்று. நாலைந்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்க வேண்டும். அரைக் கிலோ வரும் வரை இப்படியே குறைத்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு வந்த கணக்கில் ரப்பர் ரோலர் தவிட்டில் புரதம் 13 சதவீதம், நார் 8. ஹல்லர் தவிட்டில் புரதம் 7, நார் இருபதைத் தாண்டியது. விலையில் வித்தியாசம் கிலோவுக்கு நாலு ரூபாய்தான். அந்த நாலு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்தால், காசு கொடுத்து உமி வாங்கி வருகிறோம் என்று அர்த்தம்.

தவிட்டில் அடுத்த தலைவலி சிக்கு வாடை. அரிசியைத் தீட்டிய உடனேயே தவிட்டில் இருக்கும் லிபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். பச்சரிசித் தவிடு புதிதாக இருக்கும்போது லேசான இனிப்பு வாசனை அடிக்கும். இரண்டு வாரம் போனால் சோப்பு வாடை வந்து, நாக்கில் வைத்தால் கசக்கும். கோழி அதைத் தின்னத் தயங்கும். தின்றாலும் கெட்ட எண்ணெய் தீவனத்தில் இருக்கும் வைட்டமின் ஈயைக் கெடுத்துவிடும். புழுங்கல் அரிசித் தவிட்டில் இந்தத் தொல்லை குறைவு. நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுகிறது. எண்ணெயும் பச்சரிசித் தவிட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் புழுங்கல் தவிடு கிடைக்கும் மில்லைத்தான் பிடித்து வைத்திருக்கிறேன். பொங்கலை ஒட்டிப் பச்சரிசி ஓட்டும் நாட்களில் வேறு வழி இல்லை என்றால், வாங்கிய அன்றே பெரிய இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கை பொறுக்காத சூடு வரும் வரை வறுத்து ஆற வைத்துவிடுகிறேன். வேலை பிடித்த வேலைதான். ஆனால் தவிடு கூடுதல் நாள் தாங்குகிறது.

புண்ணாக்குக்கு வருவோம். புரதத்துக்காகத்தான் இதை வாங்குகிறோம் என்பதால் கிலோ விலையைப் பார்த்து மயங்கக் கூடாது, புரதத்தின் விலையைப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய சமயம் கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தேங்காய்ப் புண்ணாக்கு 32. பார்த்தால் தேங்காய்தான் லாபம். ஆனால் கடலையில் புரதம் 42 சதவீதம், தேங்காயில் 21தான். ஒரு கிலோ புரதத்துக்குக் கடலையில் 119 ரூபாய் ஆகிறது, தேங்காயில் 152. போதாக்குறைக்குத் தேங்காய்ப் புண்ணாக்கில் நார் அதிகம், தண்ணீரை உறிஞ்சி உப்பும். கோழி கொஞ்சம் தின்றதும் இரைப்பை நிறைந்துவிடும். மாட்டுக்கு அது அருமையான தீவனம். கோழிக்கு நான் வாங்குவதில்லை.

கடலைப் புண்ணாக்கில் மரச்செக்கு, எக்ஸ்பெல்லர் (இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்தது), சால்வென்ட் (கரைப்பான் விட்டு எண்ணெய் எடுத்தது) என்று மூன்று வகை. மரச்செக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கும். கோழிக்கு அது எரிசக்தி, நல்லதுதான். ஆனால் சீக்கிரம் காறிவிடும். சால்வென்டில் எண்ணெய் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும், புரதம் ஏறும். எங்கள் ஊர்ச் செக்கில் எனக்குத் தெரிந்தவர் அன்றன்றைக்கு ஆட்டியதைத் தட்டுத் தட்டாகத் தருகிறார். நான் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிறேன். மலிவாக இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு அடுக்கி வைப்பது கடலைப் புண்ணாக்கில் ஆகவே ஆகாது.

காரணம் பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை விட்டுப்போன நஞ்சுதான் காரணம். அப்லாடாக்சின் என்ற பெயரே அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்து வந்தது. அது ஈரலைத் தாக்கும். கொஞ்சமாக இருந்தால் கோழி சாகாது. முட்டை குறையும், தீவனம் ஒட்டாது, தடுப்பூசி போட்டும் நோய் வரும். எதனால் என்று தெரியாமல் நாம் மருந்துக் கடைக்கு நடந்துகொண்டிருப்போம். இதில் பலரும் நம்பும் ஒரு விஷயம் தவறு: பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடும் என்பது. வெயிலில் பூஞ்சை செத்தாலும் நஞ்சு முழுவதும் போகாது. வறுத்தாலும் முழுவதும் போகாது. தட்டை உடைத்துப் பார்த்து, உள்ளே பச்சையோ மஞ்சளோ கறுப்போ படர்ந்திருந்தால் முழுத் தட்டையும் ஒதுக்கிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கைச் சேர்த்துவிடுகிறேன். விலை கூடத்தான், வேறு வழியில்லை.

கடலைப் புண்ணாக்கு தனியாகவும் போதாது. புரதம் நிறைய இருந்தாலும் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதில் குறைச்சல். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் தாராளமாக இருக்கிறது, லைசின் குறைவு. மீனில் இரண்டுமே உண்டு. ஆகவே கடலையோடு எள், எள்ளோடு கொஞ்சம் கருவாடு என்று வைத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கும். எள்ளுப் புண்ணாக்கில் ஆக்சலேட்டும் பைட்டேட்டும் உண்டு, சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும். அதனால் நூறு கிலோவுக்கு ஆறு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறேன். எள் சேர்த்த பிறகு கோழிகள் ஒன்றையொன்று இறகு பிடுங்குவது குறைந்தது. மெத்தியோனின் குறைவதால் அந்தப் பழக்கம் வரக்கூடும் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு எச்சரிக்கை. உரக்கடையிலும் புண்ணாக்கு என்ற பெயரில் பல விற்கின்றன. வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு, இலுப்பைப் புண்ணாக்கு, புங்கம் புண்ணாக்கு எல்லாம் வயலுக்குத்தான். ஆமணக்கில் இருக்கும் ரிசின் கடும் விஷம். பருத்திப் புண்ணாக்கு விஷயம் வேறு. மாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள், தலைவாசல் பக்கம் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் அதில் இருக்கும் காசிபால் என்ற நச்சுப்பொருள் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து, முட்டையை வைத்திருக்க வைத்திருக்கக் கருவை ஒரு மாதிரிப் பாசிப் பச்சை நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். முட்டை விற்கிறவன் அதைத் தொடக்கூடாது.

அதேபோல மாட்டுத் தீவன மூட்டையையும் கோழிக்குப் போடக்கூடாது. அதில் யூரியா சேர்த்திருப்பார்கள். மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். கோழிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. கலப்படம் செய்கிறவர்கள் கருவாட்டுத் தூளிலும் யூரியாவைத் தூவிவிடுவார்கள். ஆய்வகத்தில் நைட்ரஜனை வைத்துத்தான் புரதக் கணக்கு போடுகிறார்கள் என்பதால், காகிதத்தில் புரதம் நன்றாக ஏறித் தெரியும். வீட்டில் பார்க்க வழி உண்டு. வறுக்காத சோயா மொச்சையை மாவாக்கி ஒரு ஸ்பூன் எடுத்து, சந்தேகப்படும் தூளோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பாட்டிலை மூடி வைக்கவும். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அமோனியா நெடி மூக்கைத் தூக்கும், யூரியா இருந்தால். கருவாட்டுத் தூளை மட்டும் கலந்த பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டின் சொந்த நாற்றத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கலாம்.

திப்பியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்த் தீவனத்தைப் பற்றிப் பேச முடியாது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப் பாலை வடித்த பிறகு நிற்கும் சக்கைதான் திப்பி. ஆலைக் களத்தில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். மாவு முழுவதும் போய்விடுவதில்லை, கணிசமாக மிச்சம் இருக்கும். அதனால் எரிசக்திக்கு ஆகும். புரதம் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. கலவையில் திப்பியை ஏற்ற ஏற்றப் புண்ணாக்கையும் ஏற்றியாக வேண்டும். அப்போது மலிவு என்ற பேச்சு அடிபட்டுப்போகும். நூற்றுக்கு ஐந்து கிலோ, போனால் எட்டு. அதற்கு மேல் எச்சம் தண்ணீராகப் போகிறது. வாங்கும்போது நன்றாகக் காய்ந்ததா, களத்து மணல் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சலித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஈரத் திப்பி மலிவாகக் கிடைக்கும்; புளித்த வாடை அடிக்கும், இரண்டாம் நாளே கறுப்புப் பூசணம் கட்டும். கிழங்குத் தோலையும் சிலர் தருகிறேன் என்பார்கள். சயனைடு அதிகமாக இருப்பது தோலில்தான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திப்பியும் குருணையும் சேர்ந்ததில் ஒரு மாற்றம் தெரிந்தது. மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறம்தான் முட்டைக்கருவுக்கு வருகிறது. அதைக் குறைத்து வெள்ளையான சரக்கை ஏற்றியதும் கரு வெளுத்துவிட்டது. சத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் வாடிக்கையாக முட்டை வாங்கும் அக்கா ஒருவர் வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "ஏந்தம்பி, பண்ணை முட்டையக் கொண்டாந்து நாட்டு முட்டைன்னு குடுக்கறீங்களா?" அவருக்கு சாந்தோபில் என்ற மஞ்சள் நிறமியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து நூற்றுக்கு இரண்டு கிலோ சேர்த்தேன். அகத்திக் கொப்பைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டேன். பூ மார்க்கெட்டில் மிஞ்சும் செண்டுமல்லி கிடைத்தால் இதழை உதிர்த்துக் காயவைத்துப் போடலாம், அதில் நிறம் இன்னும் தூக்கலாக வரும். இரண்டு வாரத்தில் கரு பழைய நிறத்துக்கு வந்தது. அக்கா மறுபடி வாங்குகிறார், ஆனால் முதல் முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற பெரணியைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வரி: போடலாம், கோழி விரும்பித் தின்னும், கருவுக்கும் நிறம் தரும். ஆனால் அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் காய்ந்த சரக்கு நூறு கிராம்கூட இல்லை. கீரை மாதிரி வைத்துக்கொள்ளலாம், அதை நம்பித் தீவனத்தைக் குறைக்கக் கூடாது.

கருவாட்டில் உப்புதான் கவனிக்க வேண்டியது. மனிதர் தின்னும் உப்புக் கருவாட்டின் கழிவை வாங்கிப் போட்டால் கோழி தண்ணீர் தண்ணீராகக் குடித்து, எச்சம் நீர்த்துப்போய், தரை சேறாகும். குஞ்சுகள் தாங்கவே தாங்காது. தீவனத்துக்கு என்றே உப்பில்லாமல் மணலில் காயவைத்த பொடிமீன் கிடைக்கிறது. அதைச் சலித்து மணலை எடுத்துவிட்டு வாங்கினால் போதும். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரும் வாய்ப்பு உண்டு. தர்மபுரிப் பக்கம் பட்டு நூற்பு ஆலைகளில் கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு கிடைக்கும் கூட்டுப்புழுவிலும் புரதம் கொள்ளையாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்றத்தை வீட்டில் யாரும் சகிக்கத் தயாராக இல்லை, விட்டுவிட்டேன்.

அரவை ஒரு தனிக் கதை. தெருமுனை மாவு மில்லில் மக்காச்சோளம் வரை சரி என்றார்கள். கருவாட்டுப் பையைப் பார்த்ததும் மில்காரம்மா, "அதைக் கொண்டுக்கிட்டு உள்ள வந்துராதீங்க சாமி, அப்புறம் யாரு என்கிட்ட மல்லிப் பொடி அரைப்பாங்க?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நியாயம்தான். தீவனம் அரைக்கும் மில்லுக்குப் போனேன். கருவாட்டை வீட்டு உரலிலேயே இடித்தேன். மக்காச்சோளத்தை மாவாக அரைக்க வேண்டாம், ரவையைவிடப் பெரிதாக உடைந்தால் போதும். மாவாக இருந்தால் கோழியின் அலகில் ஒட்டிக்கொள்ளும், தின்பதைவிடச் சிந்துவது அதிகமாகும். புண்ணாக்குத் தட்டை உடைத்து மில்லில் போட வேண்டும். தண்ணீரில் ஊறவைப்பது மாட்டுக்கு.

மக்காச்சோளம் வாங்கும்போது ஈரம் பார்க்க ஒரு எளிய வழி: நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை சோளமும் இரண்டு ஸ்பூன் வறுத்த பொடியுப்பும் போட்டு இரண்டு நிமிடம் குலுக்கினால், ஈரச் சோளமாக இருந்தால் உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் சேமிக்கலாம்.

நான் இப்போது நிலைத்திருக்கும் கலவை, நூறு கிலோவுக்கு இது: மக்காச்சோளம் 35, குருணை 10, தவிடு 20, திப்பி 5, கடலைப் புண்ணாக்கு 12, எள்ளுப் புண்ணாக்கு 6, கருவாடு 5, கிளிஞ்சல் 6, தாது உப்புக் கலவை 1. இதற்கு மேல் கால் கிலோ சாதா உப்பும் முருங்கைப் பொடியும். புரதம் எவ்வளவு என்று பார்க்க, ஒவ்வொன்றின் அளவையும் அதன் புரதச் சதவீதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். சோளத்தில் 3.15, குருணையில் 0.8, தவிட்டில் 2.6, திப்பியில் 0.1, கடலையில் 5.04, எள்ளில் 2.16, கருவாட்டில் 2.5. மொத்தம் 16.35. முட்டைக் கோழிக்கு 16 முதல் 17 வரை இருந்தால் சரி. பெரிய பண்ணைகளில் இருக்கும் லேயர் என்ற முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச்சத்து 3.5 சதவீதத்துக்கு மேல் வேண்டும். என் கோழிகள் அந்த அளவு முட்டை வைப்பதில்லை, 6 கிலோ கிளிஞ்சல் போதுகிறது. தனியாக ஒரு சட்டியிலும் கிளிஞ்சல் வைத்திருக்கிறேன், வேண்டிய கோழி வந்து கொத்திக்கொள்ளும். தாது உப்பை விட்டுவிடக் கூடாது. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், ஆனால் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது, கோழிக்கு எட்டாது.

கலப்பதற்குப் பெரிய மெஷின் எதுவும் இல்லை. சிமெண்ட் தரையில் தார்ப்பாய், இரண்டு மண்வெட்டி. தாது உப்பையும் சாதா உப்பையும் முதலில் இரண்டு கிலோ தவிட்டோடு கையால் பிசிறி, அதைப் பத்துக் கிலோ தவிட்டோடு கலந்து, கடைசியில்தான் பெரிய குவியலில் சேர்க்க வேண்டும். குவியலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் முழுதாகத் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம். நாலு முறை தள்ளினால் நிறம் ஒரே சீராகிவிடும். நேரடியாகத் தூவிவிட்டால் ஒரு கோழிக்கு உப்பு முழுவதும், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை என்றாகும். ஒரு தடவைக்கு இரண்டு வாரத் தேவைக்கு மேல் கலப்பதில்லை. மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குகிறேன்.

கடைத் தீவனத்திலிருந்து இதற்கு ஒரே நாளில் மாற்ற முடியாது. முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். முதல் நாட்களில் கோழிகள் சோள உடைசலைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளைத் தொட்டியின் அடியில் விட்டுவிட்டன. அந்தத் தூளில்தான் தவிடும் தாது உப்பும் இருக்கின்றன. தொட்டி காலியாகும் வரை புதிதாகக் கொட்டாமல் விட்டேன். காலைத் தீவனத்தில் மட்டும் கொஞ்சம் மோர்த் தண்ணீர் தெளித்துப் பிசிறினேன். பிசிறியதை ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடிக்க வேண்டும், மிஞ்சினால் எடுத்துவிட வேண்டும். இப்போது பொறுக்குவதில்லை.

பலன் என்ன என்றால், முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓட்டின் கனம் நன்றாக இருக்கிறது. செலவு, அரவைக் கூலியும் சேர்த்து, கிலோவுக்கு முப்பது ரூபாயைக் கொஞ்சம் தாண்டுகிறது. கடை மூட்டையைவிட ஐந்தாறு ரூபாய் குறைவு. என் உழைப்புக்குக் கூலி போட்டால் அந்த ஐந்து ரூபாயில் பாதி போய்விடும். பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவருக்கு இந்த மெனக்கெடு தேவையில்லை. தவிடும் குருணையும் வீட்டு மிச்சமும் போட்டு, கூடக் கொஞ்சம் கடைத் தீவனம் கொடுத்தாலே போதும். ஐம்பதுக்கு மேல் போகும்போதுதான் கணக்கு நம் பக்கம் சாயத் தொடங்குகிறது.

குஞ்சுகளுக்கு இந்தக் கலவையைப் போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம் வேண்டும். கிளிஞ்சல் இந்த அளவில் போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். முட்டைக்கு வரும் வயது வரை கிளிஞ்சல் இல்லாத தனிக் கலவைதான். முதல் எட்டு வாரம் நான் கடையில் வாங்கும் ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனத்தையே போடுகிறேன்.

தவிட்டு விலை இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. தவிட்டெண்ணெய் ஆலைக்காரர்கள் நல்ல தவிட்டை மில்லிலேயே மொத்தமாகப் பிடித்துவிடுகிறார்கள். எண்ணெய் எடுத்த தவிடு மலிவாகக் கிடைக்கிறது. சிக்கு வாடைத் தொல்லை இல்லை, புரதமும் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல். எண்ணெய் போனதால் எரிசக்தி குறைந்துவிடும் என்பதால், அதே 20 கிலோவை அப்படியே மாற்றிவிட முடியாது. அதை 15 ஆக்கி, திப்பியை நிறுத்தி, மக்காச்சோளத்தைப் பத்துக் கிலோ ஏற்றி அடுத்த கலவையைப் போடலாம் என்றிருக்கிறேன். முதலில் இருபது கோழிகளைத் தனியாகப் பிரித்து அவற்றுக்கு மட்டும்.